அறிவியல் வகுப்பில் கொட்டாவி ஏன்?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கருத்து)

தோழியரே! அறிவியல் வகுப்பில் நமக்குக் கொட்டாவி வருகிறது. இதை நாம் விடுதியில் சொல்லிக்கொள்கிறோம். பள்ளி வேனில் சொல்லிக்கொள்கிறோம். ஆண்டு மலரில் மட்டும் எழுதுவதில்லை. மலர் என்றதும் 'அறிவியலின் அற்புதங்கள்' என்று தலைப்பிட்டு, சந்திரனில் மனிதன் கால் வைத்ததில் தொடங்கிக் கணினியில் கொண்டுபோய் முடித்துவிடுகிறோம். அந்தக் கட்டுரையை எழுதும்போதும் கொட்டாவி விடுகிறோம் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். ஆகவே இவ்வாண்டு நான் அற்புதங்களை விட்டுவிட்டுக் கொட்டாவியைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

பெரியவர்கள் இதற்குப் பல காரணம் கூறுவர். கைப்பேசி பார்த்து இரவுத் தூக்கம் கெட்டது என்பர். பெண் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் இல்லை என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள் (இதற்குப் பதில் எழுதினால் இடம் போதாது). மதிய உணவுக்குப் பின் வரும் பாடவேளை. கரிசல் பூமியின் வெயில். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியும் வெந்நீர்க் காற்றைத்தான் தருகிறது. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே வெயிலில், அதே பாடவேளையில், ஆய்வகத்தில் டீச்சர் ஒரு துண்டு மக்னீசியம் நாடாவைக் கொளுத்திக் காட்டினார்களே, அன்று யாராவது கண்ணை மூடினோமா? நேராகப் பார்க்காதீர்கள் என்று சொல்லியும் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தோம். பின் வரிசையிலிருந்து ஒருத்தி, "டீச்சர், இது கம்பி மத்தாப்பு மாதிரியே இருக்கே, அதுலயும் இதுதான் போடுவாங்களா?" என்று கேட்டாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் சமன்பாடு எழுதினோம். கேள்வி போன இடம் தெரியவில்லை.

என் கருத்து இதுதான்: பாடப் புத்தகத்தில் விடைகள் இருக்கின்றன, அந்த விடைகளுக்கு உரிய கேள்விகள் நம் ஊரில் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் யாருக்கும் கொட்டாவிதான் வரும்.

சான்று காட்டுகிறேன். பத்தாம் வகுப்பு வேதியியலில் வேதிவினையின் வேகத்தைக் கூட்டும் காரணிகள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஒன்று புறப்பரப்பளவு. சலவைக்கல் துண்டைவிடச் சலவைக்கல் பொடி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு விரைவாக வினைபுரியும் என்று படிக்கிறோம், இரண்டு மதிப்பெண். நம்மில் எத்தனை பேர் வீட்டில் சலவைக்கல்லைப் பொடி செய்கிறார்கள்? அலுமினியப் பொடியோ நம் மாவட்டத்தில் எத்தனையோ வீட்டார் கையில் ஒட்டிக்கொண்டு வருகிறது. சோறு வடிக்கும் அலுமினியப் பானை அடுப்பில் ஆயிரம் நாள் இருந்தாலும் தீப்பிடிப்பதில்லை. அதே அலுமினியத்தை மாவாக அரைத்து மருந்தோடு கலந்தால் ஒரு பொறி போதும். பானையும் பொடியும் ஒரே உலோகம்தான், வேறுபாடு புறப்பரப்பளவு. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் தூங்குகிறவள் விழிப்பாள் என்பது மட்டுமன்று, அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லவும் செய்வாள்.

தனிம வரிசை அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை மனப்பாடம் செய்யும்போதுதான் நமக்கு நிரம்பத் தூக்கம் வரும். இரண்டாம் தொகுதியை மேலிருந்து கீழே பாருங்கள். மக்னீசியம், வெள்ளொளி. அதன் கீழே கால்சியம், ஆரஞ்சு. அதன் கீழே ஸ்ட்ரான்சியம், சிவப்பு. அதற்கும் கீழே பேரியம், பச்சை. ஒரே வீதியில் வரிசையாகக் குடியிருக்கும் நால்வர்தாம் தீபாவளி வானத்தின் பாதி நிறங்களைத் தருகிறார்கள்! மஞ்சளுக்கு முதல் தொகுதியிலிருந்து சோடியம் வருகிறது. நீலத்துக்குத் தாமிரம் வருகிறது. இதில் பேரியத்தின் பெயரைப் புத்தகத்தில் படிக்கும் முன்பே நாம் கேட்டிருக்கிறோம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை விதித்தது. அதன் பிறகு சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்போது நாம் தொடக்கப் பள்ளிச் சிறுமிகள். பால்காரரும் பலசரக்குக் கடைக்காரரும் பேரியம், பேரியம் என்று பேசினார்கள். அது என்ன என்று நமக்கு ஒருவரும் சொல்லவில்லை. இன்று பாடத்தில் அதன் அணு எண் 56 என்று எழுதி, கோடு போட்டு, அடுத்த தனிமத்துக்குப் போகிறோம்.

இனி உராய்வுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுதியதே இந்தச் சொல்லுக்காகத்தான். தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது அதை எதிர்க்கும் விசை உராய்வு என்று எட்டாம் வகுப்பில் படித்தோம். மிதிவண்டி, பந்து தாங்கி, எண்ணெய் இடுதல் என்று எடுத்துக்காட்டுகள். நான் அந்தப் பாடத்தில் கொட்டாவி விட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்தச் சொல் எனக்குப் புதியதன்று. செய்தித்தாளில் அதை எத்தனையோ முறை படித்திருந்தேன். 'மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது.' சாத்தூர்ப் பக்கமோ, வெம்பக்கோட்டைப் பக்கமோ, திருத்தங்கல் பக்கமோ, எங்கு விபத்து நடந்தாலும் செய்தியில் இந்த வாக்கியம் வரும். பாடத்து உராய்வும் பத்திரிகை உராய்வும் ஒன்றே என்று எனக்கு எவரும் சொன்னதில்லை. சல்லடையில் மருந்தைச் சலிக்கும்போது துகளும் துகளும் உரசுகின்றன. உரசினால் வெப்பம் பிறக்கிறது. சில கலவைகளுக்கு அந்தச் சிறு வெப்பமே போதும். குளோரேட்டோடு கந்தகம் சேர்ந்தால் அப்படித்தான். அதனால்தான் பட்டாசில் அவ்விரண்டையும் சேர்க்கச் சட்டம் தடை செய்திருக்கிறது. இதைவிடப் பயனுள்ள எடுத்துக்காட்டு மிதிவண்டியில் இருக்கிறதா?

எங்கள் அத்தை ஒரு வெடி ஆபீசில் சரவெடி பின்னுகிறார். (வெளியூர்த் தோழியருக்கு: எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆலையும் பட்டாசு ஆலையும் 'ஆபீஸ்'தான்!) நைலான், பாலியஸ்டர் சேலை கட்டி வரக்கூடாது, நூல் சேலைதான் என்பது அங்கே விதி. செட்டுக்குள் போகுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும். "ஏன் அத்தை?" என்று கேட்டேன். "போர்மேன் சொல்லுவாரு, செய்வோம். ஏன் எதுக்குன்னு யாரு தாயி கேட்டா? தகட்டைத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போவோம்" என்றார்.

காகிதத் துணுக்குகளைத் தரையில் போட்டு, சீப்பால் தலைவாரி, அதன்மேல் காட்டினேன். துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டின. எட்டாம் வகுப்பில் எல்லாரும் செய்து பார்த்ததுதான். சீப்புக்கு வந்த மின்சாரம் பாலியஸ்டர் சேலையிலும் வரும். அது உடம்பில் நிற்கும். மருந்துத் தட்டைத் தொடும்போது பொறியாகக் குதிக்கலாம். செம்புத் தகடு அதை முன்னாலேயே மண்ணுக்குள் அனுப்பிவிடுகிறது என்று எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். காற்று உலர்ந்திருந்தால் இந்த மின்சாரம் எளிதில் கலையாது. மழை குறைந்த வறண்ட பூமி என்பதால்தான் இத்தொழில் நம் பக்கம் வேரூன்றியது என்பார்கள். அதே வறட்சிதான் இந்தப் பொறிக்கும் துணை. அத்தை நெடுநேரம் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஆபீஸ் வேனில் போகும்போது உடன் வேலை செய்யும் பெண்களுக்கு இதைச் செய்து காட்டினாராம். வேனில்தான், செட்டுக்குள் அல்ல!

பாடம் தெரிந்தால் விபத்தே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. நால்வர் வேலை செய்ய வேண்டிய செட்டில் எட்டுப் பேரை உட்கார வைத்தால், அனுமதித்த அளவுக்கு மேல் மருந்தைக் குவித்தால், உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டால், அங்கே கூலிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு எத்தனை அறிவியல் தெரிந்து என்ன? குற்றம் கூலிக்காரர் மீது இல்லை. ஆனால் 'ஏன்' என்று தெரிந்தவருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல ஒரு சொல்லாவது கையில் இருக்கும். "நேத்துப் பெய்த மழையில இந்த மருந்து நனைஞ்சிருக்கு, நான் தொடமாட்டேன்" என்று சொல்ல, ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானே சூடேறும் என்பது தெரிந்திருக்க வேண்டும். 'மருந்து நீர்த்துப் போய் வெடித்தது' என்று பத்திரிகையில் வருகிறதே, அது இதுதான்.

2012 செப்டம்பர் 5. அன்று ஆசிரியர் தினம். சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நண்பகலில் தீப்பிடித்தது. ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. நாமெல்லாம் அப்போது நடை பழகிய குழந்தைகள். ஆனால் அந்தக் கதையைக் கேட்காமல் நம்மில் யாரும் வளரவில்லை. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். புகையைக் கண்டு உதவி செய்ய ஓடி வந்தவர்கள். என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள். முதலில் எழுந்தது தீ. அதன் சூடு மருந்து குவித்திருந்த இடத்தை எட்டியபோதுதான் பெருவெடிப்பு நிகழ்ந்தது. திறந்த வெளியில் கொஞ்சம் மருந்து எரிந்தால் சீறிவிட்டு அடங்கும். அடைத்த அறையில் குவியலாக எரிந்தால் நொடியில் உண்டாகும் வாயு சுவரையே தூக்கி எறியும். செட்டுக்கும் செட்டுக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதற்காகவே. பக்கத்துக் காட்டில் தீ தெரிந்தால் அருகே ஓடக்கூடாது, விலகிப் படுத்துவிட வேண்டும் என்பதை நம் மாவட்டத்தில் ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் சொல்லிவைக்க வேண்டும். காரணத்தோடு சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் சொன்ன எதையும் நாம் கேட்பதில்லை என்பது நம் அன்னையருக்கும் அருட்சகோதரிகளுக்கும் நன்றாகத் தெரியும்!

இந்தக் கருத்தை வீட்டில் சொன்னபோது ஒரு பெரியவர் மறுத்தார். "வகுப்பில் வெடி மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் செய்து பார்க்கும், வேண்டாத வேலை" என்றார். தீபாவளிக்கு மறுநாள் நம் தெருக்களில் அவர் நடந்திருக்க மாட்டார் போலும். வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டி, குனிந்து தீ வைக்கும் தம்பிமார் எத்தனை பேர்! அவர்களுக்கு யார் பாடம் நடத்தினார்கள்? தெரியாததால் செய்கிறார்கள். நான் கேட்பது எதை எதோடு எவ்வளவு கலப்பது என்ற பாடமன்று. ஏன் கலக்கக்கூடாது என்ற பாடம்.

மற்றொரு மறுப்பு சற்றுக் கடினமானது. நம்மில் பலருடைய பெற்றோர் இந்தத் தொழிலில் பிழைக்கிறார்கள். மருந்துத் தூசி மகள் மீது படக்கூடாது என்பதற்காகவே, வயிற்றைக் கட்டிக் கன்னியர் மடப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் மருந்தைப் பற்றிக் கேட்டால், "அது உனக்கெதுக்கு? நீ படிச்சு வேற வேலைக்குப் போ" என்பார்கள். வகுப்பிலும் அதைப் பேச யாருக்கும் கூச்சம். யாருடைய தந்தைக்கு என்ன நேர்ந்தது என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே பேச்சு எழாமலிருப்பதே நாகரிகம் என்று எண்ணுகிறோம். இந்த அன்பை நான் குறை கூறவில்லை. ஆனால் பெற்றோரே, எந்தத் தொழிலிலிருந்து எங்களை மீட்க நினைக்கிறீர்களோ, அந்தத் தொழிலில் நீங்கள் இருக்கிறீர்கள். நாங்கள் படிப்பது உங்களுக்கு உதவாமல் போனால் நாங்கள் எதற்காகப் படிக்கிறோம்? அத்துடன், அம்மாவின் கைவேலையில் வேதியியல் இருக்கிறது என்று அறிந்த பெண் அம்மாவின் கையைப் பார்த்து வெட்கப்பட மாட்டாள்.

இப்படி ஊரிலிருந்து தொடங்கிப் பாடத்துக்குப் போவது நான் கண்டுபிடித்த வழியன்று. இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே, 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் இளைஞர்களுக்காகச் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். பொருள் என்ன தெரியுமா? ஒரு மெழுகுவர்த்தி! மெழுகு ஏன் உருகுகிறது, திரியில் எப்படி ஏறுகிறது, சுடர் ஏன் ஒளிர்கிறது, எரிந்த மெழுகு எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டு வேதியியல் முழுவதையும் சுற்றி வந்தார். அவருக்கு மெழுகுவர்த்தி, நமக்குத் தீக்குச்சி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று கற்று வந்த தொழில் அது. ஒரே ஒரு தீக்குச்சியை வகுப்பில் காட்டிப் பாருங்கள். தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித் தூள். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். உரசுகிறோம்: உராய்வு. பாஸ்பரஸ் பற்றுகிறது: எரிதல் வினை. குளோரேட் சிதைந்து ஆக்சிஜனைத் தருகிறது: சிதைவு வினை. குச்சியில் தோய்த்த மெழுகு சுடரைக் கட்டைக்குக் கொண்டுபோகிறது: கார்பன் சேர்மங்கள். பட்டாசில் தடை செய்த குளோரேட்டும் கந்தகமும் இங்கே மட்டும் ஏன் சேர்ந்திருக்கின்றன என்று ஒருத்தி கேட்பாள். கேட்கட்டும்! மிகச் சிறிய அளவு, பசையோடு ஈரமாகக் குழைத்தது என்று விடை தேடும்போது அந்தப் பாடவேளை முடிந்துபோகும். மணி அடித்ததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தீக்குச்சியில் நம் போன்ற பெண்களின் வரலாறும் இருக்கிறது. முற்காலத் தீக்குச்சியில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் ஆவி தொழிலாளரின் தாடை எலும்பை அரித்தது. 1888இல் இலண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள், அவர்களில் பலர் நம் வயதினர், வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய நிலையைப் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தவர் அன்னி பெசன்ட். பிற்காலத்தில் சென்னை அடையாறில் வாழ்ந்தாரே, அதே அம்மையார்தான். இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடுக்கும் சட்டம் 1913இல் வந்தது. நாம் பாஸ்பரஸின் வகைகள் எத்தனை என்ற கேள்விக்கு இரண்டு வரி எழுதுகிறோம். சிவப்பு எதற்கு, வெள்ளை ஏன் போயிற்று என்பதில் எத்தனை தாடைகள் இருக்கின்றன என்று அறிவதில்லை. ஒளியியலில் இராமன் சிதறல் வருகிறது. அந்த ஆய்வில் சர் சி.வி. இராமனோடு உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் 1898இல் நம் வத்திராயிருப்பில் பிறந்தவர் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வத்திராயிருப்புக்காரரான ஒரு தாத்தா சொல்லக் கேட்டேன்.

ஆசிரியைகளைக் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். போர்ஷன் முடிக்க வேண்டும். திருப்புதல் தேர்வு மூன்று வைக்க வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என்று மதிப்பெண்ணைப் பங்கிட்டது அவர்கள் அல்லர். பொதுத் தேர்வுத் தேர்ச்சி விழுக்காட்டில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் நம்முடையது. அந்தப் பெருமையைக் காக்கும் சுமையும் அவர்கள் தோளில்தான். ஆனால் தேர்ச்சியில் முதலிடம் வாங்கிய மாவட்டத்தில், செம்புத் தகட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால், நாம் எதில் தேர்ச்சி பெற்றோம்? ஒரு மாதத்தில் ஒரு பாடவேளை போதும். அனுபவமுள்ள ஒரு போர்மேன் அண்ணனை வரவழைத்து முன்னால் நிறுத்துங்கள். கேள்விகளை நாங்கள் கேட்கிறோம். அவர் தெரியாது என்று சொல்லும் இடத்தில் டீச்சர் சொல்லட்டும். டீச்சர் தயங்கும் இடத்தில் அவர் சொல்லட்டும்.

கடைசியாக நம் அறிவியல் கண்காட்சி. ஆண்டுதோறும் எரிமலை செய்கிறோம். களிமண் மலை, சமையல் சோடா, வினிகர், சிவப்புச் சாயம். இந்தியாவில் உயிருள்ள எரிமலை அந்தமான் பக்கம் பாரன் தீவில் ஒன்றே ஒன்று இருக்கிறது. விருதுநகரில் எரிமலை வெடித்து யாருக்கும் ஆபத்து நேர்ந்ததாகத் தெரியவில்லை! வரும் கண்காட்சியில் நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு மாதிரி செட் செய்யப் போகிறோம். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகள், தரையில் ரப்பர் விரிப்பு, வாசலில் செம்புத் தகடு, செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே அளந்து விட்ட இடைவெளி, அந்த இடைவெளியில் வேப்பமரங்கள். மருந்துக்குப் பதில் கோலப்பொடி. அட்டையும் ரப்பரும் கிடைத்துவிட்டன. தகடுதான் கிடைக்கவில்லை. வீட்டில் உடைந்த செம்புப் பானையோ பழைய தவலையோ இருந்தால், பெற்றோரே, மகளிடம் கொடுத்தனுப்புங்கள். உள்ளங்கை அகலம் போதும்.